கோபாலகிருஷ்ண பாரதியும் நாற்பது வேலியும்

1

பெரியபுராணத்தில் வேதியர் கிடையாது. திருநாளைப்போவார் புராணத்தின் 37 பாடல்களையும் புரட்டிப் பார்க்கலாம். நந்தனைப் பண்ணையில் கட்டி வைத்திருந்த ஒரு மிராசுதாரை, சிதம்பரம் போக உத்தரவு தர மறுத்த ஓர் ஆண்டையை அங்கே காண முடியாது. சேக்கிழாரின் நந்தன் கொள்ளிடக் கரையில், மேற்காநாட்டு ஆதனூரில் இருந்தவன். ஊர் அவனுக்கு விட்டிருந்த பறைத்துடவை என்ற மானிய நிலத்தின் விளைச்சலை உண்டு, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவன். தில்லைக்குப் போக அவனைத் தடுத்தது வெளியாள் யாருமில்லை. தன் பிறப்பு அந்த ஊருக்குப் பொருந்தாது என்ற நினைவுதான் தடுத்தது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவன் நாள் கடத்தியது தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பேச்சு. பெயரும் அதிலிருந்தே வந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பாடகர் அதன் அச்சையே மாற்றினார். தடையை நந்தனின் மனத்திலிருந்து எடுத்து வயலில் வைத்தார். மானியக்காரனைப் பண்ணையாள் ஆக்கினார். 'நாளை' என்ற சொல், தயங்குகிறவனின் சொல்லாக இருந்தது போய், உத்தரவு கிடைக்காதவனின் சொல்லாயிற்று. இன்று தமிழர் நந்தன் என்றதும் நினைப்பது சேக்கிழாரின் நந்தனை அல்ல, இந்த நந்தனைத்தான். வேதியரும் நாற்பது வேலியும் புராணத்திலேயே இருப்பதாகப் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். ஒரு படைப்பாளிக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. அவன் செய்தது அவன் செய்தது என்றே தெரியாமல் போகும் வெற்றி இது.

கோபாலகிருஷ்ண பாரதியை நம் சங்கீத உலகம் சாகித்யகர்த்தாவாக மட்டும் அறியும். கச்சேரியின் பின்பகுதியில் வரும் துக்கடாக்களின் ஆசிரியர் அவர். நம் இலக்கிய உலகம் அந்த அளவுக்குக்கூட அவரை அறியாது. பாட்டு என்பதால் இலக்கியக்காரர்களும், கதை என்பதால் சங்கீதக்காரர்களும் ஆளுக்குப் பாதியாக அவரைக் கைவிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தாலொழிய அவர் செய்தது என்ன என்பது பிடிபடாது.

2

பாரதியின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி உ. வே. சாமிநாதையர் தந்தது. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்திலும், என் சரித்திரத்திலும், பாரதியைப் பற்றித் தனியே எழுதிய சிறு நூலிலும் அவர் சொல்லி வைத்திராவிட்டால், பாட்டுகள் மட்டும் எஞ்சி மனிதர் மறைந்திருப்பார்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், வீணை வாசித்துப் பிழைத்த ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் ராமசாமி பாரதி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். முடிகொண்டானிலும் பிறகு மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் பிறர் ஆதரவில் வளர்ந்தார். மாயூரத்தில் கோவிந்த யதி என்ற துறவியிடம் அத்வைத சாஸ்திரம் கேட்டார். திருவிடைமருதூரில் தஞ்சை மராட்டிய அரச வம்சத்தின் ஒரு கிளை இருந்தது. கனம் கிருஷ்ணையர் போன்றவர்களை ஆதரித்த அந்த அரண்மனைச் சூழலில் ராமதாஸ் என்ற இந்துஸ்தானி வித்வானிடம் வடநாட்டுச் சங்கீதமும் கற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணுவையர் என்ற மிராசுதாரின் வீடுதான் அவருக்கு நெடுங்காலம் புகலிடம்.

இந்தக் கடைசித் தகவலை வேகமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. காவிரிப் படுகையில் ஒரு மிராசுதார் வீட்டுத் திண்ணை என்பது, உட்கார்ந்த இடத்திலேயே பண்ணையத்தின் முழு நடப்பையும் பார்க்கக்கூடிய இடம். ஆள் வந்து நிற்பது, எட்டி நிற்பது, கூலி நெல் அளப்பது, உத்தரவு கேட்பது, கிடைக்காமல் திரும்புவது எல்லாம் அங்கிருந்து தெரியும். அண்ணுவையர் நல்லவர், பாரதியைப் போற்றியவர். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் படுவது வீட்டுக்காரரின் குணம் மட்டுமாக இருக்க முடியாது. தமக்குச் சோறு போட்ட வர்க்கத்திலிருந்துதான் பாரதி தம் வேதியரை எடுத்தார். வேதியரின் பேச்சில் உள்ள நுணுக்கம் காதால் கேட்டவன் மட்டுமே எழுதக்கூடியது.

தியாகராஜரைத் திருவையாற்றில் சந்தித்ததாக ஒரு வரலாறு வழங்குகிறது. தியாகராஜர் மறைந்தது 1847இல். அதற்கு முன் நடந்திருக்க வேண்டும். மாயூரத்திலிருந்து வந்தவர் என்று கேட்டதும், அங்கே கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கிறாராமே, தெரியுமா என்று தியாகராஜர் விசாரித்தாராம். அவர் சீடர்கள் ஆபோகியில் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். இந்த ராகத்தில் நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்ற கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான் 'சபாபதிக்கு' என்று தொடங்கும் பாட்டு என்பார்கள். நடந்ததோ இல்லையோ, இந்தக் கதைக்கு ஓர் அர்த்தம் உண்டு. தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் கீர்த்தனை உச்சத்தைத் தொட்டிருந்த காலத்தில், அதே ராகத்தில், அதே கட்டுக்கோப்பில் தமிழில் செய்ய முடியும் என்பதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சியாகத் தமிழ்நாடு பாரதியை வைத்துக்கொண்டது.

ஆனால் பாரதியின் தனிச் சாதனை ஆபோகி கீர்த்தனை அல்ல. அதைச் செய்யக்கூடிய வேறு சிலரும் இருந்தார்கள். கதையைப் பாட்டால் நடத்தும் வகையில்தான் அவர் தனித்து நிற்கிறார். இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோரின் சரித்திரங்களையும் அவர் அப்படிச் செய்தார். நந்தன் சரித்திரம் அவற்றின் சிகரம்.

3

நந்தன் சரித்திரத்தைத் தனித்தனிப் பாட்டுகளின் தொகுதியாகப் பார்ப்பது பிசகு. அது நின்றுகொண்டு பாடி நடத்த வேண்டிய நாடகம். ஒருவரே நந்தன், ஒருவரே வேதியர், சேரிக் கிழவன், தில்லை தீட்சிதர், சிவன். பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற வேண்டும். அதற்குப் பாரதி கையாண்ட வழி, இசை வடிவத்தை மாற்றுவது. கீர்த்தனை, தரு, கண்ணி, இருசொல்லலங்காரம், தண்டகம், நொண்டிச்சிந்து, இலாவணி என்று அன்று தமிழ்நாட்டின் அரண்மனையிலும் கோயிலிலும் தெருவிலும் வழங்கிய வடிவங்கள் எல்லாம் அதில் வருகின்றன. அருணாசலக் கவியின் இராம நாடகம் அவருக்கு ஒரு முன்னோடி. ஆனால் அருணாசலக் கவிக்குக் கம்பன் பின்னால் நின்றான். பாரதிக்குப் பின்னால் நின்ற சேக்கிழார் இந்தக் கதையின் பாதிக்குமேல் உதவவில்லை.

நந்தனின் உருக்கம் பெரும்பாலும் விஸ்தாரமான கீர்த்தனைகளில் வருகிறது. சண்டையும் வசவும் ஏவலும் சிந்திலும் தெருமெட்டுகளிலும் வருகின்றன. இந்தப் பங்கீட்டில் ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. சமூகத்தில் 'உயர்ந்த' வேதியருக்குத் தெருப்பாட்டின் வேகமும் கொச்சையும், 'தாழ்ந்த' நந்தனுக்கு ராகத்தின் நிதானம். வேதியர் நந்தனைத் திட்டும் பாட்டைக் கேட்கும்போது, பூணூலுக்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லாத வயல்வரப்பு வசவுதான் காதில் விழுகிறது. யார் சாதியில் யார் பேசுகிறார்கள் என்பதை வாதத்தால் சொல்லாமல் மெட்டால் சொல்லிவிடுகிறார்.

மாஞ்சி ராகத்தில் வழங்கும் 'வருகலாமோ' என்ற பாட்டை இங்கே எடுத்துக்கொள்ளலாம். மாஞ்சி பைரவிக்கு மிக நெருங்கியது. பைரவியின் வாசலிலேயே நிற்பது என்றாலும் அதன் விரிவுக்குள் நுழையாதது. நின்று நின்று போகும் குறுகிய பிரயோகங்கள்தாம் அதன் இயல்பு. உள்ளே வரலாமா என்று எட்ட நின்று கேட்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் கிடைக்காது. அந்தச் சொல்லையும் பாருங்கள். இலக்கணம் ஒப்புவது 'வரலாமோ'. 'வருகலாமோ' எந்த நூற்பாவுக்கும் அடங்காது. ஆனால் அந்த ஓர் அசை கூடினதால்தான் கேள்வி இழுபடுகிறது, தயங்குகிறது, பாடுகிறவனுக்கு நிற்க இடம் கிடைக்கிறது. திருத்தி எழுதினால் இலக்கணம் சரியாகும், நந்தன் போய்விடுவான். திருப்புன்கூரில் நந்தி மறைப்பதைச் சொல்லும் 'வழிமறைத்திருக்குதே' பாட்டிலும் இதேதான். 'இருக்கிறதே' என்று எழுதப் பாரதிக்குத் தெரியாது என்றா நினைப்பது? பேசுகிறவன் ஆதனூர்ச் சேரியிலிருந்து வந்திருக்கிறான்.

இந்த இடத்தில்தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு நேர்ந்த விவகாரத்தைப் பார்க்க வேண்டும். தம் நூலுக்குப் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வாங்கப் பாரதி பலமுறை நடந்தார். பிள்ளையவர்களுக்கு மனம் வரவில்லை. காரணம் இரண்டு. நூலில் இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. கதை பெரியபுராணத்துக்கு மாறாக இருந்தது. ஒருநாள் காத்திருந்த நேரத்தில் பாரதி திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டு ஒன்றைத் தமக்குள்ளே பாடிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளையவர்கள் உருகிப்போனார். பாயிரம் கிடைத்தது.

இந்தச் சம்பவத்தைப் பக்தியின் வெற்றியாகவோ பிள்ளையவர்களின் பெருந்தன்மையாகவோ சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு இது தமிழ் விமர்சன வரலாற்றில் ஒரு முக்கியமான தருணமாகப் படுகிறது. தலபுராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் ஆயிரக்கணக்கான செய்யுட்களாகப் பொழிந்த ஒரு பெரும் புலவர், தம் அளவுகோலுக்குள் அடங்காத ஒன்றைக் கேட்டு, அளவுகோலைக் கீழே வைத்தார். ஆனால் அளவுகோலை மாற்றிக்கொள்ளவில்லை. 1871இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த சாமிநாதையர் மாயூரத்தில் பாரதியிடம் சங்கீதமும் கற்கத் தொடங்கியபோது பிள்ளையவர்கள் அதை விரும்பவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி செல்லாது என்பது அவர் கருத்து. சாமிநாதையர் பாட்டை நிறுத்திவிட்டார். ஏட்டுச் சுவடிகளின் பக்கம் தமிழுக்குப் பெரும் லாபம். ஆனால் அந்த நாளோடு தமிழ்ப் புலமையும் தமிழ்ப் பாட்டும் ஒரே மாணவனிடம் சேர்ந்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பு போயிற்று. பாரதியை இலக்கியமாகப் படிக்கும் பழக்கம் நமக்கு ஏற்படாததற்கு அங்கேயே வித்து இருக்கிறது.

4

வேதியரிடம் வருவோம். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக நந்தன் உத்தரவு கேட்கிறான். வேதியர் மறுக்கிறார். மறுப்பதற்கு அவர் சொல்லும் காரணங்களில் சாதியும் வேலையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. உனக்குச் சாமி தரிசனமா என்று ஒரு கேள்வி, வயல் வேலையை யார் செய்வது என்று இன்னொரு கேள்வி. முதல் கேள்வி பழையது. இரண்டாவதைக் கேட்க வைத்தது பாரதி. படுகையில் மார்கழி என்பது சம்பா முற்றிக்கொண்டிருக்கும் மாதம், தையில் அறுவடை. அந்த நேரத்தில் ஆள் நகரக் கூடாது. பக்தி, பஞ்சாங்கம், பண்ணையம் மூன்றும் ஒரே மாதத்தில் மோதுவதைப் பாரதி கண்டார். கடைசியில் வேதியர் ஒரு நிபந்தனை போடுகிறார்: நாற்பது வேலி நிலத்திலும் உழவு முதல் அறுப்பு வரை முடித்துவிட்டுப் போ.

ஒரு வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி 260 ஏக்கருக்கு மேல். இந்தக் கணக்கு இன்றைய நகர வாசகனுக்கு ஒரு பெரிய எண், அவ்வளவுதான். கதை கேட்க உட்கார்ந்திருந்த மாயூரத்துக்காரனுக்கும் நாகப்பட்டினத்துக்காரனுக்கும் அது ஸ்தூலமான வேதனை. ஒரு வேலிக்கு எத்தனை ஏர், எத்தனை ஆள், எத்தனை நாள் என்பது அவன் விரல்நுனியில் இருக்கும். வேதியர் சொல்வது நிபந்தனை அல்ல, கேலி என்பது அவனுக்கு உடனே விளங்கும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். அடிமை முறையைச் சட்டம் இனி அங்கீகரிக்காது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1843இல் சட்டம் செய்தது. நந்தன் சரித்திரம் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் அச்சேறியது 1860களின் தொடக்கத்தில். இந்த இடைவெளியில் தஞ்சைச் சீமையில் அடிமை என்ற பெயர் போய்ப் படியாள், பண்ணையாள் என்ற பெயர்கள் நிலைத்தன. பெயர் மாறியது, கட்டு மாறவில்லை. பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்று தஞ்சைக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆக வேண்டியிருந்தது. சட்டப்படி இல்லாமற்போன ஓர் அடிமைத்தனம் நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதற்குத் தமிழ் இலக்கியத்தில் அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் அரிய சாட்சியம் ஒரு கதாகாலட்சேபப் பாட்டுப் புத்தகம். அன்று அச்சான புராணங்களும் கோவைகளும் உலாக்களும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் பாரதி எவ்வளவு தூரம் போனார் என்பதைப் போலவே, எங்கே நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று இடங்களில் அவர் நின்றுவிட்டார்.

முதலாவது, சேரி. நந்தனின் ஆட்கள் தங்கள் கருப்பனையும் வீரனையும் கும்பிட்டு, கடா வெட்டிப் பொங்கலிடுகிறார்கள். நந்தன் அவர்களைச் சிவபக்திக்கு அழைக்கிறான். இந்தக் காட்சிகளில் சேரியின் பேச்சை நுட்பமாகப் பிடித்த பாரதி, சேரியின் தெய்வங்களைச் சிரிப்புக்குரியவையாக வைக்கிறார். நந்தன் உயர்வதற்காக அவன் சுற்றம் தாழ வேண்டியிருக்கிறது. அத்வைதம் படித்தவருக்கு எல்லா ஆன்மாவும் ஒன்று. எல்லாச் சாமியும் ஒன்று என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது, நாற்பது வேலி. சிவகணங்கள் வந்து ஒரே இரவில் பயிரை விளைவித்துவிடுகின்றன. வேதியர் நந்தன் காலில் விழுகிறார். காலில் விழும் பிராமண மிராசுதாரை அந்நாளில் சபை நடுவே நிறுத்திக் காட்டியது சாதாரணத் துணிச்சல் அல்ல. ஆனால் இந்த அற்புதத்தால் விடுபடுவது நந்தன் ஒருவன். அடுத்த போகத்துக்கு உழப்போவது பூதகணங்கள் அல்ல. சேரியில் மிச்சமிருப்பவர்கள் உழப்போகிறார்கள். வேதியருக்கு ஞானம் வந்தது, நிலம் அவரிடமே இருந்தது.

மூன்றாவது, தீ. சேக்கிழாரிடம் இருந்த தீயைப் பாரதி அப்படியே வைத்துக்கொண்டார். புராணத்தில் இல்லாத வேதியரை உண்டாக்கத் துணிந்தவர், புராணத்தில் இருந்த நெருப்பை அணைக்கத் துணியவில்லை. திருப்புன்கூர்க் காட்சியிலேயே இதன் சாயல் இருக்கிறது. நந்தி வழிமறைக்கிறது. சிவன் நந்தியிடம், மரியாதையாக, சற்றே விலகியிருக்கும்படி கேட்டுக்கொள்கிறார். நந்தனை உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து பார்க்க வழி செய்கிறார், அவ்வளவே. கடவுளே 'சற்றே' என்ற அளவுக்குத்தான் கேட்க முடிகிற ஓர் உலகம் அது. பாரதி அதைக் கிண்டலாகச் சொன்னாரா, பக்தியாகச் சொன்னாரா என்று தீர்மானிக்க முடியாது. பாட்டில் இரண்டும் இருக்கின்றன. இந்த இரட்டைத் தன்மைதான் அவரை வெறும் பக்தர் என்றோ சீர்திருத்தக்காரர் என்றோ முத்திரை குத்த விடாமல் தடுப்பது.

5

பாரதிக்குப் பிறகு நந்தன் சரித்திரத்துக்கு நேர்ந்தவை அவர் எழுதியதைப் போலவே முக்கியமானவை.

தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராட்டிய கீர்த்தன முறையையும் கர்நாடக சங்கீதத்தையும் சேர்த்து ஹரிகதையை ஒரு பெரிய மேடைக்கலை ஆக்கியபோது நந்தன் சரித்திரம் அதன் முக்கியமான கதைகளில் ஒன்றாயிற்று. தெருப்பாடகர்களிடமும் அச்சுப் புத்தகங்களிலும் அது தனியே பரவிக்கொண்டிருந்தது. மெட்டுகள் எல்லார் வாயிலும் இருந்ததற்கு நல்ல அத்தாட்சி சுப்பிரமணிய பாரதி. சுதேசி இயக்கக் காலத்தில் அவர் நந்தன் சரித்திர மெட்டுகளை எடுத்து அரசியல் பாட்டுகள் கட்டினார். வேதியர் நந்தனைத் திட்டும் மெட்டில், சுதந்திரம் கேட்கும் இந்தியனை ஆங்கில அதிகாரி திட்டுகிறான். கேட்டவுடன் யாருக்கும் விளங்கிவிடும் அபாரமான யுக்தி.

ஆனால் இந்த யுக்திக்குள் ஒரு விபரீதமும் நடந்தது. வேதியரின் இடத்தில் வெள்ளைக்காரன் வந்ததும், நந்தனின் இடத்தில் இந்தியன் முழுவதும் வந்து நின்றான். இந்தியன் என்றால் ஆனந்ததாண்டவபுரத்து மிராசுதாரும் இந்தியன்தானே. அவரும் இப்போது நந்தன். உண்மையான நந்தன் வயலிலேயே இருக்க, அவன் குரலை மட்டும் தேசம் இரவல் வாங்கிக்கொண்டது. சுப்பிரமணிய பாரதிக்குச் சாதி பற்றிய பிரக்ஞை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உருவகம் தன் வேலையைக் கவிஞனைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

பிறகு சினிமா. 1935இல் வெளிவந்த பக்த நந்தனாரில் நந்தனாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினி எடுத்த நந்தனாரில் எம். எம். தண்டபாணி தேசிகர். நாடு முழுவதும் ஆலயப் பிரவேசப் பேச்சு எழுந்திருந்த காலம் அது. 1939இலும் 1947இலும் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டங்கள் வந்தன. அந்தச் சூழ்நிலையில் நந்தன் ஒரு பிரச்சார உருவமானான். பணிவான, கேட்டு நிற்கிற, நெருப்பில் சுத்தமாகி வருகிற அரிஜனன். மாறாகச் சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார். தீயில் இறங்கியவன் பெயரால் பிள்ளைகளுக்குப் படிப்பு. நந்தன் சரித்திரத்துக்கு எழுதப்பட்ட உரைகளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

தமிழிசை இயக்கம் 1940களில் பாரதியை மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தது. தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தார். சிதம்பரம் எல்லையில் நந்தன் பாட்டு பாடத்திட்டம் ஆனதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மேடை எதை ஏற்றது, எதை விட்டது என்று பாருங்கள். நந்தன் கெஞ்சுகிற பாட்டுகள் வந்தன, வேதியர் திட்டுகிற பாட்டுகள் அநேகமாக வரவில்லை. திட்டு இல்லாமல் கெஞ்சலை மட்டும் கேட்டால் அது ஆன்மாவின் ஏக்கமாக, ஜீவன் பரமனைத் தேடுவதாக, சௌகரியமான ஒரு தத்துவமாகக் கரைந்துபோகிறது. உள்ளே வரலாமா என்ற கேள்வியை, எந்த வாசலிலும் அப்படிக் கேட்டு நிற்க நேராதவர் பாட, நேராதவர்கள் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். பாடுகிறவரின் நேர்மையையோ ஞானத்தையோ நான் குறை சொல்லவில்லை. பாரதி இரண்டு குரல்களாகக் கட்டியதில் ஒரு குரலை எடுத்துவிட்டோம் என்கிறேன். ஒரு குரல் போனால் நாடகம் போயிற்று. நாடகம் போனால் நாற்பது வேலியும் போயிற்று.

இலக்கியத்தில் பாரதி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்கள் உண்டு. புதுமைப்பித்தன் 1934இல் மணிக்கொடியில் எழுதிய 'புதிய நந்தன்' கதையில் தீயின் இடத்தில் ரயில் வருகிறது. இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய 'நந்தன் கதை' நாடகத்தில் தீ தெய்வச் செயலாக இல்லை, சதியாக இருக்கிறது. பாரதி அணைக்கத் துணியாத நெருப்பை அவர் யார் மூட்டினார்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வி அவர் கற்பனையில் மட்டும் எழுந்ததல்ல. 1968 டிசம்பர் 25 இரவு, பாரதி பிறந்த அதே நாகை வட்டாரத்தில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மார்கழி மாதம். சம்பா அறுவடை நேரம். கூலித் தகராறு. நந்தன் சரித்திரத்தின் எல்லா அம்சங்களும் அங்கே இருந்தன, பூதகணங்களைத் தவிர.

ஒரு கலைஞன் நூறு வருஷம் முன்னதாக இதைக் கண்டு சொன்னான் என்று நான் தீர்க்கதரிசனப் பேச்சு பேச வரவில்லை. பாரதி கண்டது தன் காலத்தை. அந்தக் காலம் முடியாமல் நீண்டது அவர் குற்றமல்ல. அவர் கண்டதை நாம் எப்படிக் கேட்டோம் என்பதுதான் விசாரிக்க வேண்டியது. பாயிரம் கொடுத்த மகாவித்துவான் உருகினார், சபை உருகியது, கொட்டகை உருகியது, இன்றும் சபாக்கள் உருகுகின்றன. உருக்கம் கேட்பவனைக் குற்றமற்றவனாக உணர வைக்கும் சக்தி உடையது. பாரதியின் சங்கீதத்தின் பெரிய பலமும் அதற்கு நேர்ந்த பெரிய ஆபத்தும் ஒன்றே.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. நந்தன் சரித்திரத்தை அதன் வரிசையில், அதன் எல்லாக் குரல்களோடும், வேதியரின் வசவு உட்பட, முழுமையாகப் பாட வேண்டும். இலக்கியக்காரர்கள் அதை ஒரு நாடகப் பிரதியாகப் படித்து, சேக்கிழாரின் 37 பாடல்களோடு ஒப்பிட்டு, எது எங்கே மாறியது என்று எழுத வேண்டும். பிழையான விகுதிகளைத் திருத்தாமல் பதிப்பிக்க வேண்டும். வேதியரைப் புராணத்திலிருந்து எடுத்து அவர் வந்த இடமாகிய ஆனந்ததாண்டவபுரத்துத் திண்ணைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே வைத்துப் பார்த்தால்தான் எதிரே எட்டி நிற்கிறவனும் தெரிவான்.